அத்தையின் மூக்கும் அம்மாவின் லென்ஸும்

நம்ம செட்டில் முக்காவாசிப் பேருக்கு வெள்ளெழுத்து வந்தாச்சு. போன வாரம் நம்ம வாட்ஸப் குரூப்பில் ஒருத்தி ஒரு செல்ஃபி போட்டு, "ஏண்டி, மூக்கு மட்டும் ஏன் இவ்ளோ பெருசா விழுது? வயசாயிடுச்சா?"ன்னு கேட்டிருந்தா. வயசும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல, போனை மூஞ்சிகிட்ட வெச்சு எடுக்காதே, தள்ளி வெச்சு எடுன்னு பதில் போட்டேன். போட்டதும் பழசு ஒண்ணு ஞாபகம் வந்துடுச்சு. இந்த ஒரு வரி தெரியாம எங்க வீட்டுல ஒருத்தங்க மூக்கையே குத்திட்டோம். சிரிக்காதீங்க, நிஜமாத்தான் சொல்றேன்.

தொண்ணூறுகளோட ஆரம்பம் அது. எனக்குப் பன்னெண்டு வயசு. மந்தைவெளியில மூணாவது மாடி, நாலு பேர். ஹால்னு பேரு, பத்தடிக்குப் பன்னெண்டடி. அதுக்குள்ளதான் கட்டில், டிவி, தையல் மெஷின், அப்பாவோட ஆபீஸ் சட்டை காயற கொடி எல்லாம். அம்மா போட்டோ எடுப்பாங்க. பொழுதுபோகாம இல்ல, தொழிலாவே. வளைகாப்பு, மஞ்சள் நீராட்டுன்னு பொம்பளைங்க மட்டும் இருக்கற விசேஷத்துக்கு ஆம்பள போட்டோகிராபர் வந்தா எல்லாரும் முந்தானைய இழுத்து விட்டுகிட்டே நிப்பாங்க. அம்மா போனா யாரும் எதையும் இழுத்துவிட மாட்டாங்க. மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறுன்னு ஒரு சுத்து வட்டாரமே அம்மாவைக் கூப்பிட்டுச்சு.

கேமரா, பெரிய மாமா குவைத்துலேருந்து கொண்டுவந்தது. அதோட ஒரு ஐம்பது எம்.எம். லென்ஸ் வந்துச்சு. அது நல்ல லென்ஸ்தான், மெட்ராஸ் மழைதான் அதுக்கு ஒத்துக்கல. ஒரு ஐப்பசியில உள்ளே பூசணம் பிடிச்சு, படமெல்லாம் மோர் ஊத்தினாப்பல வெளுத்துப்போச்சு. அதுக்கப்புறம்தான் அம்மா லென்ஸை பிஸ்கட் டப்பாவுல அரிசி முடிஞ்ச துணியோட வெச்சு மூட ஆரம்பிச்சாங்க. அந்த டப்பாவைத் திறந்தா வர்ற வாசனை எனக்கு இன்னும் மூக்குல இருக்கு, பச்சரிசியும் தோல் பையும் சேர்ந்த ஒரு வாசனை. டப்பா எங்க போச்சுன்னு யாருக்கும் தெரியல.

பூசணம் பிடிச்சதுக்குப் பதிலா அம்மா வாங்கினது இருபத்தெட்டு. அகலமா எடுக்கற லென்ஸ். பத்தடி ரூமுல பதினஞ்சு பொம்பளைங்க, நடுவுல மணையில கர்ப்பிணிப் பொண்ணு, ஓரத்துல அஞ்சு வகைச் சாதம், எல்லாத்தையும் ஒரே படத்துல அடக்கிடும். "என் கண்ணு அகலமாயிடுச்சுடி"ன்னு அம்மா குதிச்சாங்க. அந்த லென்ஸ் வந்தப்புறம் வளைகாப்பு ஆர்டர் ரெண்டு மடங்காச்சு.

இப்ப அத்தைக்கு வர்றேன். அத்தைன்னா அப்பாவோட தங்கச்சி, எங்களோடதான் இருந்தாங்க. பொண்ணுங்க ஸ்கூல்ல பி.டி. டீச்சர். வாலிபால் ஆடுவாங்க, ஆடச் சொல்லித் தருவாங்க. வயசு இருபத்தெட்டு. அந்தக் காலத்துல அது எவ்ளோ பெரிய வயசுன்னு உங்களுக்கே தெரியும், நான் சொல்லணுமா? அந்த ஆவணியில அப்பா தரகரைப் பிடிச்சார். ஜாதகத்தோட வைக்க போட்டோ வேணும். வீட்டுலயே போட்டோகிராபர் இருக்கறப்ப ஸ்டுடியோ எதுக்குன்னு அம்மாவே எடுத்தாங்க.

பட்டுப்புடவை கட்டி, பின்னலை முன்னாடி போட்டு, ஜன்னல்கிட்ட அத்தையை நிக்க வெச்சாங்க. அம்மா கொஞ்சம் தள்ளிப் போனா கட்டிலு, டிவி, கொடியில தொங்கற அப்பா பனியன் எல்லாம் படத்துக்குள்ள வந்துடுது. அதனால கிட்டப் போனாங்க. இன்னும் கிட்ட. ரெண்டடியில நின்னு எடுத்தாங்க. பிரிண்ட் வந்தப்ப எல்லாரும் பார்த்தோம். மூக்குலதான் எல்லார் கண்ணும் போச்சு. அப்பா மட்டும், "நம்ம வம்ச மூக்கு, என்ன பண்றது"ன்னார்.

அஞ்சு வீட்டுக்குப் போச்சு அந்தப் போட்டோ. அஞ்சும் திரும்பி வந்துச்சு. தரகர் வந்து உட்கார்ந்து, காபியை ஆத்திக்கிட்டே, "பொண்ணுக்கு மூக்கு கொஞ்சம் எடுப்பா இருக்குன்னு சொல்றாங்க சார். நான் சொல்லல, அவங்க சொல்றாங்க"ன்னு சொல்லிட்டுப் போவார். அத்தை அடுப்படியில நின்னு கேட்டுகிட்டு இருப்பாங்க. கேக்கலைன்னு நாங்க நினைச்சுக்குவோம்.

அப்பதான் அம்மாவுக்கு அந்த அருமையான யோசனை வந்துச்சு. "மூக்குத்தி போட்டா மூக்கு அடங்கித் தெரியும்." அத்தைக்குச் சின்ன வயசுல மூக்குக் குத்தல. இருபத்தெட்டு வயசுல, கார்த்திகை மாசம், மயிலாப்பூர்ல ஒரு ஆசாரிகிட்ட கூட்டிட்டுப் போய்க் குத்தினோம். நான் கையைப் பிடிச்சுகிட்டேன். அத்தை கத்தல, "சரி அண்ணி"ன்னு சொல்லிட்டு உட்கார்ந்தாங்க, அவ்ளோதான். மூணாம் நாளே மூக்கு வீங்கிடுச்சு. வேப்பங்குச்சி செருகினோம், தேங்காயெண்ணெய் மஞ்சள் போட்டோம். அடுத்த வாரம் கிரவுண்டுல பந்து வந்து நேரா அதுமேலயே அடிச்சுது. வெள்ளை டீஷர்ட் முழுக்க ரத்தத்தோட அத்தை வீட்டுக்கு வந்தாங்க. மூக்குத்தியக் கழட்டி சாமி படத்துக்கு முன்னாடி வெச்சுட்டு, துணி துவைக்கப் போனாங்க.

அதே வாரம் ஒரு வளைகாப்பு ரோல் கழுவி வந்துச்சு. அத்தையும் அதுக்கு வந்திருந்தாங்க. நான் தரையில பிரிண்டெல்லாம் பரப்பி, கவர் வாரியா அடுக்கிகிட்டிருந்தேன். ஒரு படத்துல அத்தை வளையல் தட்டோட கேமராவுக்குக் கிட்டக்க இருக்காங்க, மூக்கு அப்படியே போட்டோவை விட்டு வெளிய வருது. இன்னொண்ணுல தூரமா வாசக்கால்ல சாஞ்சு நிக்கறாங்க. அதுல மூக்கு சாதா மூக்கு.

"அம்மா, அத்தைக்கு ஒரே நாள்ல எப்படிம்மா ரெண்டு மூக்கு?"

அம்மா ரசத்துக்குக் கடுகு தாளிச்சுகிட்டிருந்தாங்க. கரண்டியோட வந்தாங்க. ரெண்டு படத்தையும் கையில எடுத்தாங்க. அடுப்புல கடுகு கருகற வாசனை வந்துச்சு, அம்மா போகல. கேமராவை எடுத்து என் மூஞ்சிக்கு நேரா கொண்டுவந்து பார்த்தாங்க, பின்னால போனாங்க, மறுபடி கிட்ட வந்தாங்க. நாலு தடவை. அப்புறம் கட்டில்ல பொத்துனு உட்கார்ந்தாங்க.

"நான்தாண்டி. அவ மூக்கு ஒண்ணும் இல்லடி, என் லென்ஸுதான். என் லென்ஸு பண்ணின வேலைக்கு அவ மூக்கைப் போய்க் குத்திட்டு வந்தேனே, பாவி!"

அம்மா அழுது நான் பார்த்தது ரெண்டு மூணு தடவைதான், அதுல இது ஒண்ணு. அத்தை ஸ்கூல்லேருந்து வந்ததும் அம்மா எல்லாத்தையும் சொன்னாங்க. அத்தை செருப்பைக் கழட்டிகிட்டே, "விடுங்க அண்ணி"ன்னாங்க. ஆனா எங்கம்மா விடற ஆளா? பிடிச்சா உடும்புப்பிடி. மார்கழியில யாரும் ஜாதகம் எடுக்க மாட்டாங்க. தை பிறந்ததும் தரகர் வருவார், ஆறாவது வீட்டுக்குப் போட்டோ போகணும். அதுக்குள்ள சரியான லென்ஸ் வாங்கி, சரியான போட்டோ எடுத்தே தீருவேன்னு கங்கணம் கட்டிகிட்டாங்க.

தி.நகர்ல ஒரு துணிக்கடைக்கு மேல கேமரா மெக்கானிக் ஒருத்தர் இருந்தார். மரப்படி ஏறிப் போகணும். சின்ன ரூம், கண்ணாடிப் பெட்டிக்குள்ள பழைய லென்ஸா அடுக்கி வெச்சிருப்பார், எண்ணெயும் ஸ்பிரிட்டும் கலந்து வாடை அடிக்கும். அம்மா விஷயத்தைச் சொன்னதும் மூணை எடுத்து மேஜையில வெச்சார். ஒரு ஐம்பது, ஒரு ஜூம், தள்ளி நின்னு மூஞ்சியை மட்டும் பிடிக்கற ஒரு நூத்து முப்பத்தஞ்சு.

"ஜூம் எட்துகினு போம்மா. சோக்கா கீது. கிட்டக்கீறதும் வரும், தூரத்துலகீறதும் வரும்."

அப்பாவும் கூட வந்திருந்தார். அவருக்கு ஜூம் பார்த்ததும் பிடிச்சுப்போச்சு, கையில கனமா இருந்துச்சு இல்ல! "ஒண்ணுலயே எல்லாம் இருக்கறப்ப எதுக்கு ஒண்ணொண்ணா வாங்கறே?"ன்னார்.

"எல்லாத்துக்கும் ஒரே கரண்டின்னா பாயசத்துல பூண்டு வாசனைதான் வரும்"னு சொல்லிட்டு அம்மா ஜூமைக் கண்ணுல வெச்சாங்க. "என்னங்க இவ்ளோ இருட்டா இருக்கு?"

"வெயில்ல எடும்மா, சோக்கா வரும்."

"எங்க வீட்டுக்குள்ள வெயில் எங்கேருந்துங்க வரும்?"

மெக்கானிக் சிரிச்சுட்டார். சரி, மூணையும் போட்டுப் பாத்துக்கன்னு விட்டுட்டார். அம்மா என்னை மாடிப்படி மேல நிறுத்தி, எந்த லென்ஸ்னு நோட்டுல பெருசா நம்பர் எழுதி நெஞ்சுக்கு நேரா பிடிக்கச் சொன்னாங்க. போலீஸ் ஸ்டேஷன்ல பலகை பிடிச்சுகிட்டு நிப்பாங்களே, அப்படி நின்னேன். துணிக்கடைக்கு வந்தவங்க எல்லாம் கீழேருந்து எட்டிப் பார்க்கறாங்க. எனக்கு மானம் போச்சு. என் முகம் எல்லாத்துலயும் ஒரே அளவு வரணும்னு அம்மா இருபத்தெட்டுக்கு மூக்கை இடிக்கற மாதிரி நின்னாங்க, ஐம்பதுக்கு ரெண்டடி, நூத்து முப்பத்தஞ்சுக்கு வராந்தா கோடி வரைக்கும் பின்னால போனாங்க. மறுநாள் பிரிண்ட் வந்துச்சு. இருபத்தெட்டுல நான் மூக்குக்குப் பின்னால ஒளிஞ்சிருந்தேன். ஐம்பதுல பரவால்ல. ஜூம்ல எல்லாம் ஆடிப்போயிருந்துச்சு. நூத்து முப்பத்தஞ்சுல நான் நானா இருந்தேன், கண்ணாடியில பார்க்கற நான். பன்னெண்டு வயசுல அது எவ்ளோ பெரிய சந்தோஷம் தெரியுமா? அந்தப் பிரிண்டை என் ஜாமெட்ரி பாக்ஸ்ல மடிச்சு வெச்சிருந்தேன்.

"இதுதான்"னாங்க அம்மா. ஆனா அதை வாங்கணும்னா இருபத்தெட்டைக் குடுத்தாகணும். ரெண்டும் வெச்சுக்க எங்களுக்கு வக்கில்ல. மூணு பேரும் மறுபடி கடைக்குப் போனோம், மெக்கானிக்கே தயங்கினார்.

"இத்த குட்த்துட்டு அத்த எட்துகினு போனா, வளகாப்புக்கு இன்னாம்மா பண்ணுவ? ஊட்டுக்குள்ள ஒரு மூஞ்சிதான் அடங்கும்."

"வாசப்படியில நின்னு எடுப்பேன். தெருவுல நின்னு எடுப்பேன். நீங்க குடுங்க."

அப்பா வர்ற வழியெல்லாம் பஸ்ஸுல பேசவே இல்ல. அவர் பேசாததுக்கு நியாயம் இருந்துச்சு. அந்த வருஷம் ரெண்டு வளைகாப்பு கைவிட்டுப் போச்சு. மூணாவதுக்கு அம்மா எதிர் வீட்டு ஜன்னல்லேருந்து எடுத்தாங்க, சத்தியமா.

லென்ஸ் வந்தாச்சு, வீட்டுக்குள்ள இடம் வரல. ஹால்ல இந்தச் சுவத்துல அம்மா, அந்தச் சுவத்துல அத்தை, அப்பவும் தோள் வரைக்கும்தான் வருது. இந்தத் தடவை கால் வரைக்கும் வேணும்னு தரகர் சொல்லியிருந்தார், பொண்ணு நொண்டி இல்லன்னு அவங்களுக்குத் தெரியணுமாம்! அம்மா அடுப்படிக்குள்ள போய் நின்னு அத்தையை பால்கனியில நிக்க வெச்சாங்க. பின்னாடி வெளிச்சம், அத்தை முகம் கருப்பாப் போச்சு. மொட்டைமாடிக்குப் போலாம்னா, துணி காயப்போட வர்றவங்க அத்தனை பேரும் கதை கேப்பாங்க, நான் வரமாட்டேன்னு அத்தை சொல்லிட்டாங்க. அப்புறம் அவங்களே, "காலையில கிரவுண்டுக்கு வாங்க அண்ணி. என் பொண்ணுங்களைத் தவிர யாரும் இருக்க மாட்டாங்க"ன்னாங்க.

மார்கழி ஆறு மணி. நந்தனம் கிரவுண்டு. வாய்லேருந்து புகை வருதான்னு ஊதிப் பார்க்கற குளிரு, நம்ம ஊருக்கு அது குளிருதான். அத்தையோட பட்டுப்புடவைப் பை என் மடியில. முதல்ல பிராக்டிஸ் முடியட்டும், அப்புறம் புடவை மாத்திக்கறேன்னு அத்தை போயிட்டாங்க. அம்மா சும்மா இருக்க முடியாம, கோட்டுக்கு வெளிய நின்னு லென்ஸ் வழியா பார்த்துகிட்டிருந்தாங்க.

வீட்டுல அத்தை எப்பவும் குனிஞ்சாப்பல நடப்பாங்க. வாயைப் பொத்திகிட்டுச் சிரிப்பாங்க. அங்க, கிரவுண்டுல, அத்தை கத்தினாங்க. "ஏய், கால எட்த்து வைடி! தூங்கினு கீறியா?"ன்னு பதினாறு பொண்ணுங்களை விரட்டினாங்க. அத்தை வாயில அந்த பாஷை வரும்னே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். பந்து உயரமா வந்துச்சு. அத்தை ஓடி வந்து எகிறினாங்க. வாய் பொளந்து, கூந்தல் அவிழ்ந்து, ஒரு கை வானத்துல. அம்மா கிளிக் பண்ணினாங்க. அத்தை அடிச்ச பந்தை அந்தப் பக்கம் யாராலயும் எடுக்க முடியல. அத்தை இடுப்புல கை வெச்சு, ஊருக்கே கேக்கற மாதிரி சிரிச்சாங்க.

அம்மா கேமராவை இறக்கிட்டு என்கிட்ட சொன்னாங்க: "பதிமூணு வருஷமா ஒரே வீட்டுல இருக்கோம். இவ இப்படிச் சிரிப்பாளாடி?"

அப்புறம் அத்தை புடவை கட்டிகிட்டு வந்தாங்க. இருபதடி தள்ளி நின்னு அம்மா முழு உருவமா எடுத்தாங்க. பொறுமையா, பத்துப் படம்.

பிரிண்ட் வந்த அன்னிக்கு வீடே திருவிழா. புடவைப் போட்டோ அவ்ளோ அழகு. மூக்கு எங்க இருக்கணுமோ அங்க, எவ்ளோ இருக்கணுமோ அவ்ளோ. குத்தின இடத்துல ஒரு சின்னப் புள்ளி, அவ்ளோதான். அப்பா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுகிட்டு, "இதாம்மா என் தங்கச்சி"ன்னார். அம்மா மஞ்சள் குழைச்சு ஜாதகக் கவரோட நாலு மூலையிலயும் தடவி, போட்டோவை உள்ள வைக்கப் போனாங்க.

"அண்ணி, அது வேணாம்." அத்தை தரையில இருந்த பந்தடிக்கற போட்டோவை எடுத்து நீட்டினாங்க. "இதை வைங்க."

அப்பாவுக்கு முதல்ல புரியவே இல்ல. புரிஞ்சதும் எழுந்துட்டார். "டிராக் பேன்ட்டு போட்டுகிட்டு, வாயைப் பொளந்துகிட்டு நிக்கற போட்டோவையா? எவன்மா பொண்ணு எடுப்பான்?"

"எடுக்கறவன் எடுக்கட்டும்ணா."

அம்மாவுக்குக் கோபம் வந்துச்சு பாருங்க! "இதுக்கா நான் இருபத்தெட்டைக் குடுத்துட்டு வந்தேன்? என் பொழப்பைக் குடுத்துட்டு வந்தேண்டி, உனக்காக!"

"எனக்காகத்தான் குடுத்தீங்க அண்ணி. என்னைக் கேட்டுக் குடுக்கல." அத்தை குரலை உயர்த்தல. "முதல்ல என் மூக்கு சரியில்லன்னீங்க, குத்திகிட்டேன். அப்புறம் லென்ஸு சரியில்லன்னீங்க, அதுக்கும் நின்னேன். எனக்கு எது சரின்னு ஒருத்தராவது கேட்டீங்களா? இந்தப் புடவைக்காரி நீங்க நில்லுன்னதும் நின்னவ. இவதான் நான்."

நானும் அவங்களை எதுவும் கேட்டதில்லதான், மூக்குக் குத்தறப்ப கையை மட்டும் பிடிச்சுகிட்டேன். சின்னப் பொண்ணுன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கலாம். அம்மா, அப்பா ரெண்டு பேருமே நல்லவங்க, அத்தை மேல உசுரா இருந்தவங்க. அவங்களே கேக்கலன்னா என்ன சொல்றது? பிரியம் இருந்தாப் போதும், கேக்க வேண்டாம்னு நினைச்சுட்டாங்க. இன்னிக்கு நம்ம பசங்ககிட்ட நாமளும் அதைத்தானே பண்றோம்!

அம்மா மஞ்சள் கையோடயே ரெண்டு போட்டோவையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தாங்க. அப்புறம் புடவைப் போட்டோவைப் பீரோவுல வெச்சுட்டு, பந்தடிக்கற போட்டோவைக் கவர்ல போட்டு ஒட்டினாங்க. போட்டோ ஓரத்துல அம்மா கட்டைவிரல் மஞ்சள் பட்டுடுச்சு. தை பிறந்த மூணாம் நாள் அது நங்கநல்லூர்ல ஒரு வீட்டுக்குப் போச்சு. அப்புறம் அத்தைக்குக் கல்யாணம் ஆச்சான்னு கேப்பீங்க. ஆச்சு, ரெண்டு வருஷம் கழிச்சு, தரகர் இல்லாம. அதை இன்னொரு நாள் அத்தையே சொல்லட்டும்.

நங்கநல்லூர்லேருந்து பத்து நாள்ல லெட்டர் வந்துச்சு. அப்பா சத்தமா வாசிச்சார். ஜாதகம் பிரமாதமாப் பொருந்துது, பத்துக்கு எட்டுப் பொருத்தம், பையன் பேங்க்குல வேலை. கடைசியில ஒரு வரி: பெண்ணின் வேறு போட்டோ, புடவையில் எடுத்தது, இருந்தால் உடனே அனுப்பி வைக்கவும்.

அப்பா முகத்துல அப்படி ஒரு வெளிச்சம். "பீரோவுலதானே இருக்கு! இன்னிக்கே போட்டுடலாம்மா. எட்டுப் பொருத்தம்! ஒரு போட்டோதானே கேக்கறாங்க."

அம்மா எழுந்து பீரோவைத் திறந்தாங்க. புடவைப் போட்டோவையும் அதோட நெகட்டிவையும் எடுத்துகிட்டு வந்தாங்க. அத்தை அம்மாவையே பார்த்துகிட்டிருந்தாங்க. அம்மா ரெண்டையும் அத்தை மடியில வெச்சாங்க.

"என்ன பண்ணணும்னு நீ சொல்லு."

அத்தை ஒரு இன்லண்ட் லெட்டர் எடுத்தாங்க. பி.டி. டீச்சர் கையெழுத்து, பெருசு பெருசா இருக்கும். ரெண்டே வரி எழுதினாங்க. 'வேறு போட்டோ இல்லை. பெண் இவள்தான்.' அப்பா வாசிச்சுட்டு பால்கனிக்குப் போயிட்டார். அத்தை லெட்டரை அம்மாகிட்ட குடுத்தாங்க.

"சரியா இருக்கா அண்ணி?"

அம்மா கண்ணுக்குக் கிட்ட வெச்சுப் பார்த்தாங்க, தள்ளி வெச்சுப் பார்த்தாங்க.

"'இவள்தான்'னு இருக்கு பாரு, அதுக்கு அடியில ஒரு கோடு போடு."

அத்தை ரெண்டு கோடு போட்டாங்க.